அரிக்காத வீக்கம்

மாப்ளே,

காணாக்கடி என்று சொல்லியே உங்களைச் சாகவிட்டோம். பதினோரு வருஷம் கழித்து, அதே கறுப்புக் கயிற்றை உங்கள் மகள் கையில் உங்கள் அண்ணன் கட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். கயிற்றைப் பார்த்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குரங்கணிக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் நாம் காய் உலர்த்திய நாட்களில் உங்களுக்குத் திடீரென்று முகம் வீங்கும். உதடு தொங்கும்.

"மலைத்தேனீக்கு முத்தம் குடுத்தீகளா மாப்ளே?"

"தேனீ கொட்டுனாலாச்சும் வலிக்கும் மச்சான். இது அரிக்கக்கூட மாட்டேங்குது."

சிரித்துவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விடுவேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தது, காணாக்கடி என்று மந்திரித்துக் கயிறு கட்டி, உப்பில்லாத கஞ்சி கொடுப்பார்கள். மூன்றாம் நாள் வீக்கம் தானாக வடியும். பெயர் கயிற்றுக்குப் போகும்.

போடியில் பல் பிடுங்கிவிட்டு மலையேறினீர்கள். மறுநாள் காலை தொண்டை வீங்கி உங்கள் குரல் மாறியது. "வெரசா ஜீப்பக் கொண்டாங்கய்யா" என்று கத்தினேன். "கயிறு கட்டியாச்சு, எறங்கிரும்" என்றார் உங்கள் அண்ணன். காத்திருந்தோம். பிறகு ஜீப்பில் என் மடியில்தான் உங்கள் மூச்சு நின்றது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு மருத்துவப் புத்தகம் படித்தேன். உங்கள் அப்பாவும் தொண்டை அடைத்தே போனதை எழுதிக்கொண்டு மதுரை டாக்டரிடம் போனேன். அவர் உங்கள் மகளின் ரத்தத்தைச் சோதிக்க வைத்தார். கிருமியை எதிர்க்கப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு காவல் உண்டாம். அது எல்லை மீறாமல் பிடித்து நிறுத்துவது ஒரு புரதம். உங்கள் வம்சத்தில் அது குறைவு, உங்கள் மகளுக்கும்தான். மடைப்பலகை இல்லாத கண்மாய்தான். சின்னக் காயம் போதும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து சதையில் தேங்கும். பூச்சியும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. அதனால்தான் அரிக்கவில்லை.

"ரத்தத்துல கொறைன்னு தெரிஞ்சா புள்ளைய எவன் கட்டுவான்?" என்கிறார் உங்கள் அண்ணன்.

"கட்டுறதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும்ல" என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

பேச வேண்டாம், அவர் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். உங்கள் மனைவியான என் தங்கை மகளைப் போடியில் காட்டாமல் மதுரைக்குக் கூட்டிவர வேண்டும். அங்கே அந்தப் புரதம் உள்ள ரத்த நீரை, பிளாஸ்மாவை, ஏற்றிய பிறகுதான் பல் டாக்டர் கை வைக்க வேண்டும். மறுநாள் வரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொண்டை வீங்கினால் உங்கள் மகள் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவளைப் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரிடமும் நீங்கள் சொன்னதை, "அரிக்கக்கூட மாட்டேங்குது" என்பதை, நான் சொல்ல வேண்டும். அன்று அதைக் காதில் வாங்கியும் சும்மா இருந்தவன் நான்தான்.