எவ ஒடச்சது, எங்க ஒடஞ்சுது

அன்பு அண்ணிக்கு,

வயித்துல பாலை வார்க்கிற சேதி ஒண்ணு சொல்லணும். இன்னைக்குக் காலையில சூளை திறந்தோம். பீங்கான் ஃபியூஸ் கட்டையெல்லாம் முழுசு முழுசா வந்திருக்குது. நம்ம பொம்பளைங்க செட்டை வேலையை வுட்டு வூட்டுக்கு அனுப்பல. அப்பாடா!

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே பீங்கான் கம்பெனியிலயா, வெளங்கிடும்"னு விருத்தாசலமே சிரிச்சுது. நீங்க செட்டுக்கு மேஸ்திரியா இருந்தவரைக்கும் வெளங்கத்தான் செஞ்சுது. நீங்க போனப்புறம்தான் எல்லாம் கெட்டுது.

உங்க எடத்துக்கு வந்த சூப்பர்வைசருக்கு வேலை நல்லாவே தெரியும். ஆனா சூளைக்குப் போகாத பச்சைக் கட்டையில விரிசலைப் பாத்துட்டா, "எவ ஒடச்சது?"ன்னு கத்துவாரு. எவ சொல்லுவா? ஈர ஸ்பாஞ்சால தடவி மூடி, சூளைக்கு அனுப்பிடுவாளுங்க. நெருப்புகிட்ட மறைக்க முடியுமா? வெந்து வந்தா பாதி பொளந்து கெடக்கும். முதலாளி, "இன்னொரு லோடு இப்படி வந்தா லேடீஸ் செட்டே வேணாம்"னுட்டாரு. சூப்பர்வைசர் வேலையை வுட்டே நின்னுட்டாரு. பொறுப்பு என் தலையில.

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே! மொத நாளே மங்கலம்பேட்டை பாத்திமா பலகையில காயவெச்ச கட்டையில விரிசல். "எவடி"ன்னு நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டு, நீங்க கேக்குற மாதிரியே, "எங்க ஒடஞ்சுதும்மா?"ன்னேன். பாத்திமா என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் ஒளிச்சு வெச்சிருந்த ரெண்டைக் கொண்டாந்து காட்டுனா. அதைப் பாத்துட்டு மத்தவளுங்களும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்தாளுங்க.

எல்லாக் கட்டையிலயும் விரிசல் ஒரே மூலையிலதான் அண்ணி! புதுசா மாட்டின ஃபேன் காத்து ஒரு பக்கமே அடிச்சு, அந்த மூலை மட்டும் சீக்கிரம் காஞ்சிருக்குது. பலகையைத் தள்ளிப் போட்டோம், அவ்ளோதான். இதுக்கா இத்தனை நாளா ஒருத்திய ஒருத்தி மொறைச்சுக்கிட்டுக் கெடந்தோம்?

சேதி சொல்லலாம்னு உங்க வூட்டுக்கு ஓடினா, அண்ணன் சமையக்கட்டுல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கீழ உங்க டீ கப்பு கெடக்குது. நான் கத்துவேன்னு பயம். "எங்கண்ணே ஒடஞ்சுது?"ன்னேன். "புடி மட்டுந்தான்"னு சொன்னவரு, "அவளும் இப்படித்தான் கேப்பா"ன்னு அழுதுட்டாரு. நானும் அழுதேன். அழுதப்புறம் ரெண்டு பேரும் டீ போட்டுக் குடிச்சோம்.

அந்தக் கப்பை நாளைக்குக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன். இனிமே அதுலதான் எனக்கு டீ. 'எவ'ன்னு இந்த வாயில வராது அண்ணி, சத்தியம். தப்பித் தவறி வந்தா, சொப்பனத்துல வந்து நறுக்குன்னு ஒரு குட்டு வைங்க.

உங்க வாயாடி நாத்தனார்,
கோமதி