அக்கா பார்த்தது முதுகை மட்டும்

செப்டம்பர் 3

ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் கொடுத்தவர்கள் எல்லாரும் இன்றைக்கே வந்து நின்றார்கள். தைத்தது பாதி, பேசியது பாதி. பேச்சு என்றால் வேறென்ன, பரிதிதான். வழக்கு கும்பகோணம் கோர்ட்டில் விசாரணைக்கு வந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து என் தையல் கடையில் தினம் ஒரு தீர்ப்பு.

"ஜாமீன்ல வந்ததுலேர்ந்து ஆளு எளச்சுட்டான். மனசாட்சி அரிக்குது" என்றாள் ஒருத்தி.

"எளச்சானா? கும்பகோணத்துல பாத்தேன், நல்லாக் கொழுத்துல்ல திரியுறான். பயமே இல்ல பாரு" என்றாள் இன்னொருத்தி.

இளைத்தாலும் அவன்தான், கொழுத்தாலும் அவன்தான். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். எனக்கும் சந்தேகம் கிடையாது. முந்தின வருஷம் ஐப்பசியில் என் மூத்தார் தங்கையன், என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன், வயல் மடையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அன்று காலையில் அதே மடைக்காக அவரோடு கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டவன் பரிதி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செப்டம்பர் 10

இவருக்கும் அம்சம் அக்காவுக்கும் இன்று பெரிய வாக்குவாதம். அக்கா என் ஓரகத்தி. மூத்தார் போன பிறகு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளை இல்லை. இரண்டு மாடு, அந்த வயல், அவ்வளவுதான்.

அக்கா வயல் மேலே, பரிதி வயல் கீழே. வாய்க்கால் தண்ணீர் அக்கா வயலில் நிறைந்து, வரப்பில் இருக்கிற மடை வழியாகத்தான் கீழ் வயலுக்கு இறங்க வேண்டும். வேறு வழி இல்லை. பரிதியை ஊரை விட்டு வெளியில் தங்கச் சொல்லி ஜாமீன். அவன் பெண்டாட்டி சுடர்விழிதான் தனியாளாக விதைத்திருக்கிறாள்.

ஊரே எதிர்பார்த்தது அக்கா மடையை அடைப்பார் என்று. அக்கா என்னடாவென்றால் தன் வயல் நனைந்ததும் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தித் திறந்துவிட்டு வந்துவிட்டார்.

"அண்ணி, அண்ணனைக் கொன்னவன் வயலுக்கா தண்ணி விடுறீங்க?" என்று இவர் கத்தினார்.

"கொன்னவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லு தம்பி. தண்ணி விடுறது என்ன, மண்வெட்டியோட நானே போறேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு இன்று அக்காவுக்குக் குழம்பு கொடுத்தனுப்பவில்லை.

செப்டம்பர் 11

கொடுத்தனுப்பினேன். அக்கா கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தந்தார்.

அக்டோபர் 12

மேட்டூரிலிருந்து தண்ணீர் நின்றுபோனது. வாய்க்காலில் முழங்கால் நனைகிற அளவு கூட இல்லை. இதில்தான் தெரிகிறது யார் யார் எப்படி என்று. அவரவர் வயலில் சிறைவைத்த மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். அக்கா மட்டும் பயிர் அடி நனைந்ததும் மடையைத் திறக்கிறார். கொஞ்ச நேரம்தான். ஆனால் திறக்கிறார்.

இப்போது பேச்சு திசை மாறிவிட்டது. வடக்குத்தெரு மருமகள் அளவு கொடுக்க வந்தவள், கையைத் தூக்கி நின்றுகொண்டே, "ஏங்க்கா, உங்க ஓரகத்திக்கும் அந்தப் பரிதிக்கும் முன்னாடியே ஏதோ இருக்குன்னு பேசிக்கிறாங்களே?" என்றாள்.

அம்சம் அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயசு. அவனுக்கு அத்தை முறை. தூக்கி வளர்த்த கை அது! நான் டேப்பைச் சுருட்டினேன். அவள் துணியை மடித்து அவள் பையிலேயே போட்டேன். "வேற எடத்துல தச்சுக்க. போறப்ப வாயையும் தச்சுக்கிட்டுப் போ" என்றேன். வந்த வேலை என்றுகூடப் பார்க்கவில்லை. எங்க அக்காவப் பாத்தா... என்ன பேச்சு இது? நாக்கா அது?

அக்டோபர் 15

நேற்று முழுக்க யோசித்தேன். பரிதியைப் பற்றி என் கடையில் பேசியது மட்டும் வேறு மாதிரிப் பேச்சா? அதுவும் இதே வாய்கள்தானே?

அக்டோபர் 21

மைக்கும் செல்போனுமாக யூடியூப்காரன் ஒருத்தன் வந்தான். வரட்டி தட்டிக்கொண்டிருந்த அக்காவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "அம்மா, பரிதிதானே உங்க வீட்டுக்காரரைக் கொன்னது? மக்களுக்குச் சொல்லுங்க" என்றான்.

"மக்களுக்கு எதுக்குத் தம்பி? கோர்ட்டுல கேக்கப்போறாங்க, அப்ப வந்து கேட்டுக்க. தள்ளு, சட்டையில சாணி படப்போவுது."

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. தலைப்பு: 'எதை மறைக்கிறார் மனைவி?' கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். இந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவன் எல்லாம் கொலை எப்படி நடந்தது என்று விளக்குகிறான். ஒருவன் அக்காவின் கண்ணைப் பெரிதாக்கிப் போட்டு, பொய் சொல்லும் கண் என்று எழுதியிருக்கிறான். எதிர்வெயில், அக்கா கண்ணைச் சுருக்கினார். அவ்வளவுதான் ஐயா.

அக்காவிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். "மாடு நல்லா வந்துருக்கு" என்றார்.

நவம்பர் 8

பயிர் தூர் கட்டிக் கிளைக்கிற பருவம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் தூர் வெடிக்காது, பின்னால் கதிரும் தேறாது. இன்று அக்காவோடு வயலுக்குப் போனேன். மடை திறந்ததும் சுடர்விழி வரப்பேறி ஓடிவந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நீங்க தெய்வம்."

அக்கா கையை உதறினார். "உனக்காக ஒண்ணும் விடல. தூர் கட்டுற நேரத்துல எவன் பயிரையும் காயப்போட எனக்கு மனசு வராது. உன் புருசன் செஞ்சிருந்தான்னா அவன் கை அழுவித்தான் போவணும். அதையும் கேட்டுக்க."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பை விட்டு இறங்கினாள். எனக்கே என்னவோ போலிருந்தது. திரும்பி வரும்போது, "தெனமும் விடியக்காலம் அதைத்தான் வேண்டிக்கிறேன் எழில். செஞ்சவன் எவனோ அவன் நாசமாப் போவணும்னு. பேரு சொல்லாம வேண்டிக்கிறேன்" என்றார்.

பேர் சொல்லாமல் சாபம் விடுகிற ஒரே ஆள் இந்த ஊரில் அக்காதான். எனக்கெல்லாம் பேரை வைத்துக்கொண்டுதான் கோபமே வரும்.

நவம்பர் 23

கோர்ட்டிலிருந்து அக்காவுக்குச் சம்மன் வந்துவிட்டது. வழக்கே அக்காவின் சாட்சியில் நிற்கிறது. கொலை நடந்த அன்று பொழுது சாயும் நேரம், மூத்தாரைக் காணோமே என்று தேடிப்போன அக்கா, மூங்கில் தோப்புப் பக்கமாக ஒரு ஆள் போவதைப் பார்த்தார். பார்த்தது முதுகை மட்டும். போலீஸ் எழுதியதிலோ 'பரிதியைப் பார்த்தேன்' என்று இருக்கிறதாம்.

இவர் அக்கா காலடியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே வார்த்தை அண்ணி. மூஞ்சியப் பாத்தேன்னு சொல்லிடுங்க. அண்ணன் ஆத்மா சாந்தியடையும்."

"பாத்தது முதுகு தம்பி. அதுல மூஞ்சிய நான் எங்கேருந்து கொண்டாந்து ஒட்டுறது?"

"அவன் தப்பிச்சிருவான்."

"நான் பொய்யச் சொல்லி அவன் உள்ள போயி, நாளைக்கு வேற எவனோன்னு தெரிஞ்சா? உங்கண்ணனக் கொன்னவன் வெளிய இருப்பான், நான் ஒருத்தனக் கொன்னவளா இருப்பேன்."

பிறகு அக்கா இன்னொன்றும் சொன்னார். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்று மடையை அடைத்தது மூத்தார்தான். முறைப்படி கீழ் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர். வேண்டாமென்று அக்கா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. "அதையும் கேட்டா சொல்லுவேன்" என்றார்.

இவர் எழுந்து போய்விட்டார். செத்தவர் பேரில் பழி வருவதா? என் மாமியார் குடும்பத்து மானம்... சொல்லாதீங்கக்கா என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 29

இன்று கோர்ட். கும்பகோணம் போகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அடுத்தவர் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பரிதி கூண்டில் நின்றான். இளைக்கவும் இல்லை, கொழுக்கவும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, உலர்ந்த உதடு. ஒருதரம் கொட்டாவி விட்டான். பின்னால் இருந்தவர் உடனே, "பாத்தீங்களா, துளி பயமில்ல" என்றார். மனுஷனுக்குக் கொட்டாவி கூட விட உரிமை இல்லை.

அரசு வக்கீல் கேட்டார்: "அன்று மாலை எதிரியை, அதாவது பரிதியைப் பார்த்தீர்கள் அல்லவா?"

"ஒரு ஆளப் பாத்தேங்க. முதுகைத்தான் பாத்தேன்."

"யார் மாதிரி இருந்தது?"

"ஊருல பாதி ஆம்பளைங்க மாதிரிதாங்க. பனியனும் கைலியுமா."

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. போலீஸில் வேறு மாதிரிச் சொன்னீர்களே என்று வக்கீல் படித்துக் காட்டினார். "நான் முதுகுன்னுதாங்க சொன்னேன். எழுதுனத எனக்கு யாரும் படிச்சுக் காட்டல" என்றார் அக்கா. பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டார்கள். பெஞ்சில் இவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அடுத்து பரிதியின் வக்கீல் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அக்கா தங்கள் பக்கம் என்று முடிவே கட்டிவிட்டார் போல.

"காலையில் பரிதி கொலை மிரட்டல் விட்டதாகச் சொல்வது பொய்தானேம்மா?"

"பொய் இல்லீங்க. வெட்டிப் போட்டுருவேன்னு சொன்னான். என் காதால கேட்டேன்."

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கோபத்தில் சொன்னதுதானே?"

"கோவத்துலதான் சொன்னான். ஆனா சொன்னான்."

"சண்டை எதற்கு வந்தது?"

அக்கா ஒருதரம் இவர் இருந்த பக்கம் பார்த்தார். "மடைய எங்க வீட்டுக்காரரு அடைச்சுட்டாருங்க. அது அவங்க முறை. தப்பு எங்க மேலதான். ஆனா அதுக்காவ ஒரு மனுசன வெட்டலாமாங்க?"

நீதிபதி, டைப் அடிப்பதற்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள் என்றார். அக்கா அத்தனையையும் மறுபடி சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரசாங்கப் பக்கமும் கோபம், பரிதி பக்கமும் கோபம், எங்கள் வீட்டிலும் கோபம். ஒரே பொழுதில் எல்லாருக்கும் வேண்டாதவராகி, படியிறங்கி வந்து, "பசிக்குது எழில், ஏதாவது சாப்புடலாமா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட ஒருத்தியோடு அடுத்த வாசலில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். ஊசி கோக்கத் தெரிந்த அளவுக்கு மனுஷரைத் தெரியவில்லை எனக்கு.

டிசம்பர் 6

இவர் அக்காவோடு பேசுவதில்லை.

டிசம்பர் 19

இவர் யூரியா மூட்டையைத் தன் மினி லாரியில் ஏற்றி வந்து அக்கா வீட்டில் இறக்கிப் போட்டார். பேசவில்லை. ஆனால் இறக்கினார்.

ஜனவரி 24

தீர்ப்பு வந்துவிட்டது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, பரிதி விடுதலை.

என் கடையில் கூட்டம். போன மாதம் வரைக்கும் தூக்குப் போட வேண்டும் என்றவள், "நான் அப்பவே சொன்னேன்ல, அந்த மூஞ்சியப் பாத்தா கொலகாரன் மாதிரியா இருக்கு?" என்கிறாள். இன்னொருத்தி, அம்சம் காட்டிய தயவில்தான் தப்பினான் என்கிறாள். அதே முகம், அதே வாய்.

"நீ என்னக்கா சொல்லுற?" என்று என்னைக் கேட்டார்கள். பட்டன் வைக்கணுமா, கொக்கி வைக்கணுமா என்று திருப்பிக் கேட்டேன்.

பிப்ரவரி 5

அக்கா வயல் அறுப்பு முடிந்து, மெஷின் கீழ் வயலுக்கு இறங்கிவிட்டது. இரண்டிலும் நல்ல விளைச்சல்.

சாயங்காலம் அக்காவும் நானும் வாசலில் நெல்லில் கிடந்த தூசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பரிதியும் சுடர்விழியும் வந்தார்கள். தட்டில் பழமும் புதுப் புடவையும். அவன் அக்கா காலில் விழக் குனிந்தான்.

"நில்லு" என்றார் அக்கா.

நின்றான்.

"நான் செய்யல அத்தை."

"சரி."

"நீங்க இல்லன்னா..."

"நான் உன்னக் காப்பாத்தல பரிதி. கண்ணுல பட்டதச் சொன்னேன், காதுல விழுந்ததச் சொன்னேன். கோர்ட்டு உன்ன விட்டுருச்சு, நல்லாரு. ஆனா எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் உன் கையால ஒரு பழம் என்னால வாங்க முடியாது. தண்ணி உன் முறைக்கு வரும், அத எவனும் தடுக்க முடியாது. இந்த வாசலுக்கு மட்டும் வராத."

அவன் கண் நிறைந்துவிட்டது. அது செய்யாதவனின் கண்ணீரா, செய்தவனின் கண்ணீரா? பழைய எழில்மொழியாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். சுடர்விழி தட்டை எடுத்துக்கொண்டாள். போய்விட்டார்கள்.

அக்கா மறுபடி தூசி பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கை மட்டும் நெல்லில் இருக்கிறது, பொறுக்கவில்லை.

"எழில்" என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "நீ கெட்டிக்காரி. நாலு பேரோட பழகுறவ. நீ சொல்லேன். அவன்தானா?"

எத்தனை பேரிடம் எத்தனை தடவை அடித்துச் சொன்னவள் நான். கேட்காதவர்களிடம்கூட வலியப் போய்ச் சொன்னவள். முதல் தடவையாக அக்கா கேட்கிறார். அவர் ஒருத்திக்குத்தான் அந்தப் பதில் நிஜமாகவே வேண்டும்.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். மூத்தார் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.