புதைக்கச் சொன்னவள்

அங்கிள்,

நேற்று வேறொரு குடும்பத்துக்காக மருத்துவமனைச் சவக்கிடங்கின் வெளியே நின்றிருந்தேன். பக்கத்துக் கென்டீனிலிருந்து கோப்பி வாசனை வந்தது. யாரோ நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. அன்று நீங்களும் இப்படித்தான். உள்ளே உங்கள் மகன் பிணமாகக் கிடக்க, நீங்கள் வரிசையில் நின்று எனக்குக் கோப்பி வாங்கினீர்கள். "சாப்பிடாம ஓடி வந்திருப்பீங்கம்மா, குடிங்க" என்றீர்கள். குடித்தேன்.

மாசாய் டவுனில் மோட்டார் திருட்டுச் சந்தேகம் என்று அவனைப் பிடித்துப் போனார்கள். லாக்கப்பில் மூச்சுத் திணறி இறந்துவிட்டான் என்றார்கள். முதல் பிரேதப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆனால், உடலைக் காட்டியபோது நீங்கள் அவன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள். "மூச்சு நின்னா முதுகு இப்படிக் கன்னிப் போவுமாம்மா?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

வக்கீலான எனக்கு இப்படிப்பட்ட வழக்குகள் புதிதல்ல. வெளி மருத்துவர் ஒருவர் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவு வரும்போது உடல் இருக்க வேண்டும்.

"எரிச்சிட்டா ஒண்ணும் மிஞ்சாது அங்கிள். இப்போதைக்குப் புதைச்சிருவோம். ஆர்டர் வந்ததும் எடுத்துரலாம்."

"எங்க வீட்ல யாரையும் பொதச்சதில்லம்மா. எரிச்சு, மெர்சிங் கடல்ல கரைக்கணும். அவன் மீன் புடிக்கப் போற எடம்."

"கொஞ்ச நாள்தான் அங்கிள்."

நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் மண்ணில்தான் இருக்கிறார்கள். அதனால் 'புதைப்போம்' என்ற சொல் என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! நீங்கள் சம்மதிக்கவில்லை, அங்கிள். படித்த பெண் சொல்கிறாளே என்று கீழ்ப்படிந்தீர்கள். எனக்கு அந்த வித்தியாசம் அன்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. போலீஸ் தரப்பிலிருந்து தாள்கள் வரவில்லை. மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். தேதிக்கு மேல் தேதி. மழைக்காலம் வந்தது. பெரிய மழை பெய்த மறுநாளெல்லாம், பாசிர் கூடாங்கில் ஷிப்ட் முடித்து, நனைந்த மழைக்கோட்டோடு என் ஆபீசுக்கு வருவீர்கள். வழக்கு ஜெயிக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"எப்பம்மா எடுக்கலாம்? மழை பேஞ்சா தூக்கம் வரமாட்டுது. புள்ள ஈரத்துல கெடக்குறான்லா."

ஒருநாள், நான் கோர்ட்டுக்குப் போய்விட்டேன் என்று கிளார்க்கிடம் சொல்லச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினேன். உள்ளே உட்கார்ந்து கரிபாப் தின்றுகொண்டிருந்தேன். உங்கள் ஈரச் செருப்பு படியிறங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

ஏதோ கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர், "பெத்த புள்ளைக்குக் கொள்ளி வைக்காம லாயர் பேச்சக் கேட்டவன்" என்று உங்கள் காதுபடச் சொன்னாராம். நீங்கள் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள். நானும் சிரித்து வைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உத்தரவு வருவதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. வார்டில் மகளைக் கூப்பிட்டு, "என்னையும் அவன் பக்கத்துலயே பொதச்சிரு. ஒத்தையில கெடக்கான்" என்றீர்களாம். அவள் அப்படியே செய்தாள். நானும் வரிசையில் நின்று ஒரு பிடி மண் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது. உங்கள் மகனைத் தோண்டி எடுத்தோம். விலா எலும்புகள் உடைந்திருந்ததை மருத்துவர் கண்டுபிடித்தார். லாக்கப்பில் அடித்ததால் வந்த சாவு என்று தீர்ப்பானது. எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். எரித்திருந்தால் இந்தத் தீர்ப்பு இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் வருகிற குடும்பங்களிடம் இன்றும் புதைக்கச் சொல்கிறேன். நேற்றும் சொன்னேன். "கொஞ்ச நாள்" என்று மட்டும் சொல்வதில்லை.

உங்கள் ஆசைப்படி அவனை எரித்து, மெர்சிங்கில் கரைத்தோம். படகில் நானும் போயிருந்தேன். திரும்பும் வழியில் உங்கள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"இப்ப அப்பாதான் அங்க ஒத்தையில கெடக்காரு, அக்கா. அவரையும் எடுத்து எரிக்க முடியுமா?"

முடியும், அனுமதிக்கு மனுப் போடலாம் என்று ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி என்னைப் பார்த்தார்.

"போதும்மா. எங்க வீட்ல இனிமே யாரையும் தோண்ட வேணாம்."

உங்கள் மகன் அந்த மண்ணுக்குப் போனதற்கு யார் காரணம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. நீங்கள் அங்கே தனியாகக் கிடப்பதற்கு எந்தப் போலீசும் காரணமில்லை, அங்கிள். நான்தான்.