பத்து லட்சத்து ஒன்று

28 ஜூலை 2025, திங்கள்

சேலம் கணித முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு இடம். தேர்வுத்தாள் திருத்தி முடித்தேன். கலைமதி 48, சந்தியா 47. கடைசிக் கேள்வி என் செல்லக் கேள்வி: 10,00,001 பகா எண்ணா, பகு எண்ணா? என்னிடம் படித்த எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் – பகா எண், தன்னையும் ஒன்றையும் தவிர எதாலும் வகுபடாது என்று. சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் படிக்கும் சந்தியா மட்டும் பகு எண் என்று எழுதியிருக்கிறாள். கீழே ஏதோ பெருக்கல். படிக்கவில்லை. இரண்டு மதிப்பெண் போயிற்று.

29 ஜூலை

சந்தியா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், அது 101-ல மீதியில்லாம வகுபடுதுங்க சார்."

"பதினாலு வருசமா நடத்தறேன், எனக்கே பாடமா? கிளாசுக்குப் போம்மா."

கலைமதி பெயரை அனுப்பியாயிற்று.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்லம்பள்ளியில் மச்சான் ஊர்க் கோயில். பந்தலில் பேனர்: 101 பால்குடம். அந்தப் பெண் சொன்ன எண்! சும்மா, அவள் வாயை அடைக்கத்தான், பஸ் டிக்கெட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன். 9,900 தடவை 101 என்றால் 9,99,900. அதோடு இன்னொரு 101 –

10,00,001.

ஐயோ. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை செல்போனில். 101 × 9,901. பந்தியில் இலையில் போட்ட சோறு தொடாமலே ஆறிப் போயிற்று. "என்ன மாமா, ஒடம்புக்கு முடியலைங்களா?" என்றான் மச்சான். என்னவென்று சொல்ல? பதினாலு வருசம்! சரியாக எழுதியவளுக்குப் பூஜ்யம் போட்டு, விரட்டியும் விட்டேனே. நானெல்லாம் ஒரு வாத்தியாரா?

4 ஆகஸ்ட்

2011 நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தேதான்: "பத்து லட்சத்து ஒன்றை, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்தாயிற்று. 97 வரை முடிந்தது. வர்க்கமூலமான ஆயிரம் வரை போக வேண்டும். மொரப்பூரில் ரயில் வந்துவிட்டது. மீதி நாளைக்கு."

அந்த நாளை வரவே இல்லை. அடுத்த பகா எண்ணே 101. அடுத்ததே!

தலைமையாசிரியர் நஞ்சப்பன், "முகாம் புதன்கிழமைங்க. பேரும் போயிருச்சு. விடுங்க வீரமணி, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

எனக்குத் தெரியுமே. அவர் எதிரிலேயே முகாமுக்குப் போன் போட்டேன்.

5 ஆகஸ்ட்

கரும்பலகையில் வகுத்துக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முகாமில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். கலைமதி துணிமணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாளாம். அழவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

சந்தியாவையும் அவள் அப்பா காளியனையும் மொரப்பூரில் ரயில் ஏற்றினேன். ஜன்னல் வழியே கேட்டாள்: "சார், அப்ப 9,901 பகா எண்ணுங்களா?"

"தெரியலம்மா. போட்டுப் பாத்துச் சொல்றேன்."

நடைமேடை பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். இந்த எண்ணின் வர்க்கமூலம் நூறைத் தாண்டாது; 97 வரை போனால் போதும். வெளியே என் பஸ் வந்தது, போயிற்று. எழுந்திருக்கவில்லை. கடைசியாக 97. மீதி 7. பகா எண்தான். முழுக் கணக்கையும் படம் எடுத்துக் காளியன் போனுக்கு அனுப்பினேன், சந்தியாவைத் திருத்தித் தரச் சொல்லி.