கேட்டுத் தேடியவளுக்கு

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தது. மூட்டை அங்கேயே இருந்தது. என் பெண் கட்டி வைத்த மூட்டை. இரண்டு பாவாடை தாவணி, ஒரு சீப்பு, அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து நிற்கும் புகைப்படம். நான்கு நாளாக எனக்கு இப்படித்தான் விடிகிறது. தெருவில் யாரோ ஒருத்தி மீன் கூவிக்கொண்டு போனாள். உன் குரல் அதில் இல்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

என் பெண்ணுக்குப் பதினாறு வயது. பரீட்சையில் தேறவில்லை. அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க, அடுக்களையில் இருக்கும் என்னைக் கூப்பிட்டு உப்புக் கேட்கிறார்.

என் தங்கையும் இதே வயதில்தான் வீட்டை விட்டுப் போனாள். ஊரே ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து காலி செய்துகொண்டிருந்த வருஷம். அண்ணன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தவள், அவர் படிப்பை நிறுத்தச் சொன்ன மறுநாள், பள்ளிக்குக் கிளம்பி, பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டோம். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம், வெளியே தெரிந்தால் தலை காட்ட முடியாது என்றார் அண்ணன். அவர் போய்க் கடையில் வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு, காய் வாங்கப் போகிறவளைப் போலத் தெருத்தெருவாக நடந்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்த பெண்கள் எல்லோர் கையிலும் மூட்டை இருந்தது.

எங்கள் தெருவில் மீன் விற்கும் நீ கூடையோடு எதிரே வந்தாய்.

“இன்னா டீச்சரம்மா, மூணு தபா இதே தெருவுல போற. பை காலியா கீது. இன்னா வாங்கினு கீற, காத்தா?”

ஒன்றுமில்லை என்றேன். நீ கூடையை இறக்கினாய்.

“காய் வாங்கற மூஞ்சியா இது? யாரக் காணோம், சொல்லு.”

சொன்னேன்.

“வாயத் தொறந்து கேக்காம எப்டித் தேடுவ? மானத்தப் பொத்தினு நீ இங்க நடக்கற, அவ அங்க ரயில் ஏறிக்கினு இருப்பா.”

நீ கேட்டாய். எதிர்ப்பட்ட மீன்காரிகள் எல்லோரிடமும் பெயர் சொல்லி, தாவணி நிறம் சொல்லிக் கேட்டாய். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, அவளைக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னாள். பக்கத்தில் ஓர் ஆள், வேலை வாங்கித் தருகிறேன் என்று பேசிக்கொண்டிருந்தானாம். இருவரும் அங்கே ஓடினோம்.

மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நீயே போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் கூடையை வைத்து உட்கார்ந்தாய். மீன் தண்ணீர் அவன் வேட்டியில் சொட்டியது.

“எவ்ளோ எடம் கீது, அப்டிப் போய்க் குந்து நைனா.”

முறைத்துக்கொண்டே எழுந்து போனான்.

ரயில் வந்து நின்றது. நீ அவளைத் தொடவில்லை. “போவணும்னு எப்பத்திலேர்ந்து தோணுது கண்ணு?” என்று மட்டும் கேட்டாய். அவள் பேச ஆரம்பித்தாள். ரயில் போய்விட்டது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“மறுபடி தோணிச்சின்னா என் வூட்டுக்கு வா,” என்றாய் கடைசியில். “ஏன்னு கேக்க மாட்டேன், சோறு போடுவேன். ஆனா உங்கக்காவுக்கு ஆள் அனுப்பிடுவேன். அத்த மட்டும் மறைக்க மாட்டேன்.”

அதன்பின் நான்கு தடவை ஓடினாள். நான்கு தடவையும் காசிமேட்டில் உன் வீடு வரைதான். நீ அவளுக்கு இடம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்றார் அண்ணன். நானும் ஒரு தடவை அப்படி நினைத்தேன். அதை உன்னிடம் சொன்னதில்லை. ஐந்தாவது தடவை அவள் ஓடவில்லை. அண்ணன் எதிரே போய் நின்று, மேலே படிக்க வேண்டும் என்றாள்.

வகுப்பில் எத்தனையோ பெண்களுக்கு உன் பேச்சைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பெண் கட்டி வைத்த மூட்டையைக் கண்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அவள் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான். வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். நான்கு நாளாக, காலிப் பையோடு காய் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கு விடுப்பு எழுதி வைத்துவிட்டேன். அவள் எழுந்ததும், மூட்டையைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, நீ கேட்டதையே கேட்கப் போகிறேன். அவள் முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். பிறகு இருவருமாகக் காசிமேட்டுக்குப் போவோம். இவள் எப்போது வந்தாலும் உள்ளே விடு, எனக்கு ஆள் அனுப்பு என்று, இவள் எதிரிலேயே, அங்கே இப்போது இருக்கும் உன் மகளிடம் கேட்பேன். சாயங்காலம் இவர் வந்ததும், தட்டு வைப்பதற்கு முன் அவரிடமும் சொல்வேன். கத்தட்டும். நீங்கள் பேசாததால்தான் இவள் போகப் பார்க்கிறாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இது இன்னும் யாருக்கும் தெரியாது. உள்ளே அவள் பாய் சுருட்டும் சத்தம் கேட்கிறது.