பைசானாவின் மணியும் நாறும் நாயும்

ஓடைக்கரைப் பண்ணை, ரோச்சா
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகள் அனாஹிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, எட்டுக் குதிரைகள், நாற்றம் பிடித்த ஒரு நாய், எல்லோரும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். கடல் தாண்டி மால்மோவில் நீயும் நீ ஓட்டும் பஸ்ஸும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், பஸ்ஸுக்காகவும் சேர்த்துத்தான். உன் கடிதம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கைவலி, அதனால் பதில் போடவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன், நீ நம்ப மாட்டாய். கோபம்தான். நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு ஒவ்வொரு கடிதத்திலயும் கேக்காதேம்மா, படிக்கும்போதே மூச்சு முட்டுது என்பது ஒன்று. நான் இனிமேல் குதிரை ஏறப்போவதில்லை, பிஸ்கோச்சோவைப் பக்கத்துப் பண்ணை எதெல்வினாவின் மகளுக்குக் கொடுத்துவிடு என்பது இன்னொன்று. முதலாவதைக்கூட விழுங்கிவிட்டேன். இரண்டாவது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நீ பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த குதிரை, அதை ஏதோ பழைய சட்டை மாதிரி எடுத்துக் கொடு என்கிறாயே என்று இரண்டு நாள் பாத்திரங்களிடம் சண்டை போட்டேன். உன் அப்பா மாத்தே இலையைப் போட்டுக் குடிக்கிற சுரைக்குடுவையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். இப்போது கோபம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இத்தனை காகிதம்.

முதலில் சின்னச் சின்னச் சேதிகள். பூசணிப் பாத்தியை ஓடு போர்த்திய ஒரு மூலித்தா வந்து தோண்டிப் போட்டுவிட்டது, எனக்குக் காய்த்தது மூன்றே பூசணி. ஓடையோரம் அந்தப் பன்றி அளவு எலிகள், கர்பிஞ்சோக் கூட்டம், இந்த வருஷம் குட்டிகளோடு வந்து, ஏதோ தங்கள் பெயரில் பத்திரம் இருப்பது போலப் படுத்துக் கிடக்கிறது, நான் துணி அலசப் போனால் மூஞ்சியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. தீக்கோழி ஒன்று கொடியில் காய்ந்த அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலிருந்து இரண்டு பொத்தானைப் பிடுங்கித் தின்றுவிட்டது. அந்தச் சட்டையைத்தான் ஊர்வலத்துக்குப் போடுவேன் என்று அவர் அடம். ஊர்வலக் கதைக்கு வருகிறேன். கதவுக்கு மேலே சேற்றுக்கூடு கட்டும் குருவிகள் பழைய கூட்டை விட்டுவிட்டு அதன் தலையிலேயே இன்னொரு மாடி எழுப்பிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யவில்லை, உன் அப்பாவைவிடப் பக்தி உள்ள ஜீவன்கள்.

பூச்சோவுக்கு என்ன ஆனதென்றால், உன் அருமை நாய்க்குப் பன்னிரண்டு வயதாகியும் புத்தி வரவில்லை. வேலியோரம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சோரீஷோ மேய்ந்துகொண்டிருந்தது. அது வாலைத் தூக்கினால் ஓட வேண்டும் என்று பிறந்த குட்டிக்குக்கூடத் தெரியும், இவன் முகர்ந்து பார்க்கப் போயிருக்கிறான். மூஞ்சி நிறைய நாற்றத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டது. வினிகரில் குளிப்பாட்டினேன், தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டினேன், அப்பா யாரோ சொன்னார்கள் என்று சாம்பலைத் தேய்த்தார். நாற்றத்தோடு சாலட் வாசனையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். ஒரு வாரத்துக்கு மேல் அவனை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் தலை தெரிந்தாலே வெளியே போடா என்று நானும் அப்பாவும் மாறி மாறிக் கத்தினோம். அவன் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முள்வேலிப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வான். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் போக முடியாது.

இனி பைசானா. நம் மணிக்குதிரைக்குக் கண் போய்விட்டது, அனாஹி. வலது கண் போன வருஷமே வெளுத்திருந்தது, இந்தக் கோடையில் இடதும் போயிற்று. மற்றபடி கிழவி திடமாக இருக்கிறாள், கழுத்தில் மணி கிணுங்க முன்னால் நடப்பாள், ஆறு செங்குதிரைகளும் நூல் பிடித்தது போலப் பின்னால் வரும். அவளுக்குக் கண் தெரியவில்லை என்பதே அவற்றுக்குத் தெரியாது. இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் புனித வாரத்துக் குதிரைத் திருவிழாவில் ஒரே நிறக் கூட்டங்களுக்கு ஊர்வலம் உண்டென்று அப்பா காதில் விழுந்துவிட்டது. ஆறு செங்குதிரைகளுக்கு முன்னால் குருட்டுக் கிழவியை நடத்தினால் ஊர் சிரிக்கும், வெள்ளை வெளேரென்று மால்வா நடந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஆசை. மால்வாவை நீ பார்த்ததில்லை, நாலு வயசுப் பெண்குதிரை, அழகி, தலைக்கனமும் அதற்கேற்றபடி. புது மணிக்குதிரையைப் பழக்குவதென்றால் என்ன செய்ய வேண்டும்? மணியைப் போட்டு, ஆண்குதிரைகளை ஒவ்வொன்றாக அவளோடு கழுத்துக்குக் கழுத்து பிணைத்து, பட்டியில் வாரக்கணக்கில் சேர்த்தே தீனி போட வேண்டும். உனக்குப் பத்து வயதிலேயே இது தெரியும். முப்பது வருஷம் குதிரை வளர்த்த உன் அப்பா, ஒரு சாயங்காலம் பைசானா கழுத்திலிருந்து மணியைக் கழற்றி மால்வா கழுத்தில் மாட்டிவிட்டு, மணி எங்க போகுதோ அங்கதான் குதிரை போகும், நீ பேசாம இரு நெலிதா என்றார்.

பேசாமல் இருக்கிற ஆளா நான். ஆனால் அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எதெல்வினா ஆரம்பித்துவிட்டாள். ஏப்பா ஒலெகாரியோ, பாதிரியார் தொப்பிய எடுத்து ஆட்டுக்கு மாட்டிவிட்டா ஊரே ஆட்டுக்கிட்டப் பாவமன்னிப்புக் கேக்குமாப்பா என்றாள். அப்பா அது காதில் விழாத மாதிரி மணியின் வாரை இறுக்கினார். மறுநாள் மாலை மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது பார்க்க வேண்டுமே. மணி ஒரு பக்கம் போகிறது, பைசானா ஒரு பக்கம் போகிறாள், ஆறும் நடுவில் நின்று இங்கும் அங்கும் தலையைத் திருப்புகின்றன. கடைசியில் மூன்று மணியோடு போயின, மூன்று கிழவியோடு நின்றுவிட்டன. நின்றவற்றில் உன் பிஸ்கோச்சோ முதல் ஆள். ரெண்டு நாள்ல சரியாயிடும் என்றார் அப்பா. மால்வாவைத் தட்டிக்கொடுக்கப் போனவரை அவள் வேலியோடு சேர்த்து ஒரு இடி இடித்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, சரியாகிவிடும் என்று சொன்ன அந்த இரண்டு நாளும் குனிய முடியாமல் கட்டையாக நடந்தார்.

அதற்கு மறுநாள்தான் மழை. ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிந்து பார்த்தால் ஓடை எழுந்து பள்ளத்து மேய்ச்சலுக்குள் வந்துவிட்டது. மால்வாவும் அவளோடு போன மூன்றும் வீட்டுப் பக்கத்து மேட்டில் நின்றன, அவை தப்பித்தன. பைசானா பழக்கத்தில் ஓம்பூ மரத்து மண்மேட்டுக்குப் போயிருக்கிறாள், பிஸ்கோச்சோவும் மற்ற இரண்டும் அவளோடு. சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். மண்மேடு நாங்கள் மாத்தே குடித்து முடிப்பதற்குள்ளேயே பாதியாகிவிட்டது. கண் தெரிகிற மூன்றும் நீந்தி வந்துவிடலாம், ஆனால் கிழவியை விட்டு நகரவில்லை. அப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மால்வா கழுத்திலிருந்து மணியைக் கழற்றி, கரையில் நின்று கை ஓயும்வரை ஆட்டினார். ஆறு குதிரை வளர்ந்ததே அந்த மணிச்சத்தத்தில், வரும் என்று எனக்கும் நம்பிக்கை. பிஸ்கோச்சோ காதை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரை வந்தான், திரும்பிக் கிழவியைப் பார்த்தான், அவளிடமே போய் நின்றுகொண்டான். பைசானாவோ மணி கேட்டதும் வரவில்லை, தலையைத் தூக்கித் தன் கழுத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடி குலுக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாழ்நாளில் அந்த மணிக்குப் பின்னால் ஒரு அடிகூட நடந்ததில்லையே. மணி என்றால் அவளுக்கு அவள்தான். தன் குரல் அக்கரையில் கேட்கிறது, தன்னிடம் இல்லை, கண்ணும் இல்லை. எப்படி நகருவாள்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணிய இங்க குடுங்க, நான் போறேன் என்றேன். பைத்தியமா உனக்கு என்றார். உங்க இடுப்புக்கு நான்தானே எண்ணெய் தேய்க்கறேன், அதால எவ்வளவு முடியும்னு எனக்குத் தெரியாதா என்றேன். தோல் கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டி மறுமுனையைக் கம்பத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். முடிச்சு மட்டும் மூன்று போட்டார். வழியில் ஒலிக்காதபடி மணிக்குள் புல்லை அடைத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, வாய்க்கால் இருந்த இடத்தில் மார்பு வரை. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும், எனக்கும் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. போய்ச் சேர்ந்து கிழவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மணியை மாட்டி, புல்லைப் பிடுங்கினேன். குலுக்கினாள், கிணுங்கியது. உடம்பு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்று குதிரைகளும் அவள் பின்னால் வரிசைக்கு வந்துவிட்டன. ஆனாலும் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். நாலு பக்கமும் தண்ணீர்ச் சத்தம், கரை எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிடரியைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன், உன் பெயரைக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு நாற்றம். பூச்சோ! என் பின்னாலேயே நீந்தி வந்திருக்கிறான். மேட்டில் ஏறி எங்கள் எல்லோர் மேலும் உதறினான் பார், நனைந்ததில் நாற்றம் புத்தம்புதிதாக எழுந்து கண்ணில் நீர் முட்டியது. நான் மூக்கைப் பொத்தினேன், பைசானாவோ மூக்கை விரித்தாள். குட்டியிலிருந்து அவளுடைய தீனித் தொட்டிக்கு அடியில்தானே அவன் படுப்பான், இப்போது அவன் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடிக்கக் கண் எதற்கு? அவன் இந்தப் பக்கம் போனால் அவள் தலையும் இந்தப் பக்கம் திரும்புகிறது. சட்டென்று தோன்றியது, பூச்சோ, வீட்டுக்குப் போடா என்று கத்தினேன். ஒரு வாரத்துக்கு மேலாக வெளியே போ, வெளியே போ என்று மட்டுமே கேட்ட நாய். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. தொபீரென்று தண்ணீரில் குதித்து வீட்டைப் பார்த்து நீந்தினான். நாற்றம் முன்னால், அதைப் பிடித்துக்கொண்டு பைசானா, அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு நான், மணியைப் பிடித்துக்கொண்டு மூன்று குதிரைகள். வாய்க்கால் ஆழத்தில் என் கால் தரையை விட்டது, ஆனால் அவள் விடவில்லை. கரை ஏறியதும் அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்து என்னையும் கிழவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பூச்சோ நேரே வீட்டுக்குள் போய் அடுப்புக்கு முன்னால் படுத்துவிட்டான். யாருக்கு அவனை வெளியே போகச் சொல்ல மனசு வரும்?

ஊர்வலத்துக்கு அப்பா போனார். முன்னால் பூச்சோ, பின்னால் மணியோடு பைசானா, அப்புறம் ஆறு செங்குதிரைகள், கடைசியில் பொத்தான் இல்லாத சட்டையோடு அவர். ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியதில் எங்களுக்குக் கிடைத்த அகலமான வழி வேறு எந்தக் கூட்டத்துக்கும் கிடைக்கவில்லை. கடைசியில மணி கிழவிகிட்டயே வந்துருச்சா என்று எதெல்வினா கேட்டதற்கு, அது எங்கயும் போகவே இல்லையே என்று அப்பா சொன்னாரே பார். மால்வாவை இப்போது பட்டியில் ஒவ்வொன்றோடாகப் பிணைத்துப் பழக்குகிறார், அடுத்த வருஷத்துக்குள் ஆகிவிடுமாம்.

பிஸ்கோச்சோவைக் கொடுக்கவில்லை. எதெல்வினாவின் மகள் தினமும் வந்து ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன், சாயங்காலம் அவன் பைசானாவின் மணிக்குப் பின்னால் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவன் மேல் ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தில் எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவே இல்லை, கவனித்தாயா? ஒன்பது வருஷமாக இக்கரையில் நின்று மணி ஆட்டிக்கொண்டிருந்தேன், கை வலித்தது, உனக்குக் காது வலித்தது. இனிமேல் ஆட்டப்போவதில்லை, நானே இறங்கி வருகிறேன். ஜூன் மாதம். விளையாட்டில்லை, பாஸ்போர்ட்டுக்கு ரோச்சாவில் போட்டோ எடுத்தாயிற்று, அதில் நான் ஆட்டைத் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். அப்பா குதிரைகளை விட்டு வர மாட்டார், தனியாகத்தான் வருவேன். உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை, பயப்படாதே. நீ ஓட்டும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஸீட்டில் உட்கார்ந்து, நீ போகிற வழியெல்லாம் நானும் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். கூட வர வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான் மகளே.

ராத்திரி வேலை முடிந்து வந்தால் சூடாக ஏதாவது சாப்பிடு, ரொட்டியும் காப்பியும் சாப்பாடு ஆகாது. கழுத்தில் கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதே. உனக்கு மாத்தே இலை எத்தனை பொட்டலம் வேண்டும் என்று மறக்காமல் எழுது, பெட்டியில் உடைக்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும் எனக்கு. மாதா உன்னை எல்லாச் சாலையிலும் காப்பாற்றட்டும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். பூச்சோவும் சொல்வான், ஆனால் காகிதத்தின் பக்கத்தில் அவனை விடவில்லை.

உன்னோடு நடக்க வரும்,
அம்மா நெலிதா

பி.கு. விமான நிலையத்துக்கு உன் பஸ் வருமா? வராவிட்டாலும் வாசலிலேயே நில், வாயைத் திறந்து என்னைக் கூப்பிடு. அந்த ஊரில் எனக்குக் கண் தெரியாது.