காது தூர்ந்த மண்ணாட்கள்

கோடை 4

இன்றும் கால்தான். காலையிலிருந்து ஆறு ஜோடிப் பாதம். பட்டறையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மண் பிசைய ஒரு வருடம், கைகால் செய்ய இரண்டு, உடம்புக்கு ஒன்று, முகமும் காதும் ஒரு வருடம் என்று எல்லாம் படித்தாயிற்று. மிச்சம் இருப்பது சங்கத்தின் தேர்வு ஒன்றுதான். யார் உதவியும் இல்லாமல் ஒரு மண்ணாளைச் செய்து, உயிர்ச்சொல் எழுதிய சீட்டை அதன் நாக்குக்கடியில் வைத்து எழுப்பி, பத்தடி நடக்கவிட்டு, 'நில்' என்றதும் நிறுத்த வேண்டும். தேறினால் சொந்த முத்திரை. நான் செய்தவை இரண்டு முறையும் எழுந்தன, நடந்தன. நிற்கத்தான் இல்லை. இரண்டாவது ஆள் தேர்வுக்கூடத்துச் சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கே போய்விட்டது. அங்கே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

மூன்று முறைதான் வாய்ப்பு. அதற்கும் முதலாளியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

கோடை 5

கால்.

கோடை 9

முதலாளியிடம் கடிதம் கேட்டேன். கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன் குரல்ல அதிகாரம் இல்லம்மா. அது மண்ணுக்கே தெரிஞ்சிடுது" என்றார். அடுத்த வருடம் பார்க்கலாமாம். போன வருடமும் இதையேதான் சொன்னார். என்னைவிட இரண்டு வருடம் பின்னால் வந்தவன் இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு 'நில்' என்று சொல்லிப் பழகினேன். உரக்க, மெதுவாக, அடித்தொண்டையில். அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "நான் நின்னுட்டேன்டி. போதுமா?" என்றாள். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

கோடை 16

துறைமுகத்தில் விபத்து. எங்கள் பட்டறை மண்ணாள். மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது முன்னால் ஒரு சுமைதூக்கி தடுக்கி விழுந்திருக்கிறார். நில், நில் என்று நான்கு முறை கத்தினாராம். வண்டி அவர் இடது காலின் மேல் ஏறிப் போய்விட்டது. வேறொருவர் மூட்டை அடுக்கின் மேல் ஏறி, மண்ணாளின் வாய்க்குள் கையை விட்டுச் சீட்டைப் பிடுங்கிய பிறகுதான் நின்றதாம்.

அதை எடுத்துவர முதலாளி என்னையும் தாடியையும் அனுப்பினார். தாடி மண் பிசைகிறவர், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர். வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

கோடை 17

மண்ணாளைக் கொட்டகையில் கிடத்திச் சோதித்தேன். கால் நன்றாக இருக்கிறது. சீட்டு நன்றாக இருக்கிறது. காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன் - நகம்கூட நுழையவில்லை. ஒரு விரல் ஆழம் இருக்க வேண்டிய குழி முழுக்கத் தூர்ந்து கிடக்கிறது.

உடம்பு நாற்பது நாள் காய்ந்த பிறகுதான் காதைத் தோண்ட வேண்டும் என்பது சங்கத்தின் பழைய விதி. இங்கே பன்னிரண்டு நாளில் தோண்டுகிறோம். ஈரத்தில் தோண்டினால் சுலபம், ஆளும் சீக்கிரம் வெளியே போகும். பட்டறையில் நிறுத்திச் சோதிக்கும்போது நன்றாகக் கேட்கும். அப்புறம் வெயிலில் நின்று நின்று மண் இறுகும், குழி மூடிக்கொள்ளும். ஒரு மாதத்தில் செவிடு. துறைமுகத்தில் சீட்டை வைத்து எழுப்பி, சீட்டை எடுத்தே நிறுத்துவதால் அது யாருக்கும் தெரிவதில்லை.

எனக்கும் பன்னிரண்டு நாள் என்றுதான் சொல்லித் தந்தார்கள். தேர்வுக்கு நான் செய்த இரண்டு ஆளும் ஒரு மாதம் முற்றத்து வெயிலில் காத்துக் கிடந்தன.

என் குரல் இல்ல. குரலே இல்ல. காது. ரெண்டு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டுப் பைத்தியக்காரி மாதிரி கத்திட்டிருந்தேனே!

கோடை 18

முதலாளியிடம் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். பரிந்துரைக் கடிதம்.

"நீ பாத்தது உன்னோடயே இருக்கட்டும். தேர்வுக்குத் தேதி நானே வாங்கித் தரேன்."

வாங்கிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கை நீண்டுவிட்டது.

கோடை 19

கடிதத்தை நான்கு முறை படித்தேன். 'மிகுந்த திறமையும் பொறுப்பும் உள்ளவர்' என்று எழுதியிருக்கிறார். பொறுப்பு!

கோடை 22

எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அந்தச் சுமைதூக்கியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரே கட்டு. பட்டறையிலிருந்து வருகிறேன் என்றதும் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். மண்ணாளுக்குச் சேதம் இல்லையே என்று விசாரித்தார். பிறகு, "நான் சரியா கத்தலையோ என்னமோ. பயத்துல குரல் வரல போலிருக்கு" என்றார்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வந்தவள் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கோடை 23

துறைமுகத்தில் எங்கள் பட்டறை ஆட்கள் இன்னும் பத்தொன்பது இருக்கின்றன. நாளைக் காலையும் எழுப்புவார்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும்தான். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அப்ப இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்க?" என்றாள்.

கோடை 24

விடிந்ததும் காது தோண்டும் கம்பியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வேலை தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. நாக்குக்கடியில் சீட்டு இல்லாமல் பத்தொன்பதும் வெறும் மண்ணாகக் கிடங்குச் சுவரோரம் வரிசையாக நின்றன. சுமைதூக்கிகளின் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றின் காதிலும் அவரையே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவதுக்குப் பிறகு அவர் முகம் மாறிவிட்டது.

பதினான்கு செவிடு. சுமைதூக்கிகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் தோண்டினேன். காய்ந்த மண் கல் மாதிரி இருக்கிறது, உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. அவசரத்தில் ஒன்றின் கன்னமே பெயர்ந்து விழுந்தது. முடித்தபோது உச்சி வெயில். அதுவரை ஒரு மூட்டையும் அசையவில்லை. அதற்குள் யாரோ முதலாளிக்குச் சொல்லிவிட்டார்கள்.

கோடை 25

வேலை போய்விட்டது. முதலாளி கத்தவில்லை. என் பொருட்களை வாசலில் வைத்திருந்தார், அவ்வளவுதான். கடிதத்தைத் திரும்பப் பெற்றதாகச் சங்கத்துக்கு எழுதிவிட்டாராம். தாடி மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை. ஒன்பது வருடம். ஒரு தடவை நிமிர்ந்திருக்கலாம்.

கோடை 27

சங்க அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முத்திரை உள்ளவர்கள்தான் புகார் தர முடியும் என்றார் எழுத்தர். முத்திரை ஏன் இல்லை என்பதுதான் புகாரே என்றேன். அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறதாம். அதிலும் முதலாளி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வெளியே வந்து அவர்கள் வாசற்படியை ஓங்கி உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

கோடை 31

தையலுக்கு உதவச் சொன்னாள் அக்கா. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். சட்டைக்காரர் போட்டுப் பார்க்கும்போதே தெறித்துவிட்டது.

கோடை 33

மருத்துவமனைக்கு மறுபடியும் போனேன். காது தூர்ந்திருந்ததைச் சொன்னேன். தெரிந்தும் நான் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலைப் போர்வையால் மூடினார். பிறகு, "அப்ப என் குரல் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கோடை 38

வாரம் ஒருமுறை காது பார்க்காத மண்ணாளோடு வேலை செய்யமாட்டோம் என்று சுமைதூக்கிகள் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டார்கள். துறைமுக அலுவலகம் இறங்கி வந்துவிட்டது. யார் பார்ப்பது என்று கேட்டதற்குத் தலைவர் என்னைக் கைகாட்டியிருக்கிறார்.

போனேன். முத்திரை இல்லாதவளை எந்தப் பதவியில் எழுதுவது என்று அரை நாள் விவாதித்தார்கள். கடைசியில் 'துப்புரவு' என்று எழுதிக்கொண்டார்கள். ஒன்பது வருடப் படிப்புக்குத் துப்புரவு. கையெழுத்துப் போட்டேன்.

மழை 6

ஒரே தலைவலி. ஈரக் காற்றில் எல்லாக் காதும் பொதபொதவென்று ஆகிவிடுகிறது. காதை உலர்த்தக் கரி அடுப்பு கேட்டுப் பத்து நாள் ஆயிற்று, அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில் அடுத்த இரண்டு துறைமுகங்களிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இருப்பது இரண்டே கை.

மதியம் அந்தச் சுமைதூக்கி வந்தார், கோலை ஊன்றிக்கொண்டு. இனி சுமை தூக்க முடியாதாம். வாசலிலேயே நின்று நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "இத நான் கத்துக்க முடியுமா?" என்று கேட்டார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லவே சொன்னேன். அவர் போகவில்லை. ஒரு பழைய தலையைக் கொடுத்துத் தோண்டச் சொன்னேன். காதைப் பிளந்துவிட்டார். இன்னொரு தலை. அதுவும் போயிற்று. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு கன்னாபின்னாவென்று திட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இன்னும் தலை இருக்கிறதா என்று கேட்கிறார் மனிதர்.

நாளை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆறரைக்கே வந்து நிற்பார் போலிருக்கிறது. அவருக்கும் ஒரு கம்பி அடிக்கச் சொல்ல வேண்டும், பிடி கொஞ்சம் தடிமனாக.